முதற் கமராவும் அதற்கேற்ற வில்லையும்

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் வாக்கு. அஃது ஆற்றுக்கு மட்டுமன்றிக் கடைக்கும் பொருந்தும். நம் மாணவருட் புகைப்படக்கலையில் ஆர்வமுடையோர் பலராதலின், முதன்முதலாக டீ.எஸ்.எல்.ஆர். கமரா வாங்க விழைவோர்க்குப் பயன்படுமென்று கருதி இச்சிறு கட்டுரையை வரைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப் பகுதியிலிருந்து வந்து கண்டியிற் கல்வி பயின்ற மாணவரொருவர், தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திற் பழைய கமரா ஒன்றை வாங்கினார். வெளிநாட்டிலுள்ள மாமனார் தாம் முன்னர்ப் பயன்படுத்திய நல்ல வில்லையொன்றை அவருக்கு அனுப்பியிருந்தார். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஆக்கங்கள். வில்லையும் கமராவில் அழகாகப் பூட்டிக்கொண்டது. எசல பெரஹராவின் முதல் இரவில் தீப்பந்தங்களின் ஒளியில் யானைகள் அசைந்து வந்தபோது, அவர் பொத்தானை அழுத்தினார், வில்லை அசையவில்லை. அன்றெடுத்த படங்கள் யாவும் மங்கலாயின. கமரா பழுதென்று கருதி மறுநாட் காலை என்னிடம் வந்தார். ஆராய்ந்து பார்த்ததில் கமராவிலும் குற்றமில்லை, வில்லையிலும் குற்றமில்லை. இரண்டின் சேர்க்கையே குற்றமாயிருந்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வோம். டீ.எஸ்.எல்.ஆர். கமராவினுள் வில்லைக்குப் பின்னே ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கின்றது. அது வில்லைவழி வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகின்றது. படம் எடுக்கும் கணத்தில் அக்கண்ணாடி மேலெழ, ஒளி பின்னேயுள்ள உணரியைச் சென்றடைகின்றது. வில்லை பூட்டும் பொருத்துவாய்க்கும் உணரிக்கும் இடைப்பட்ட தூரம் நிக்கோன் கமராவில் 46.5 மில்லிமீற்றர், கெனன் கமராவில் 44 மில்லிமீற்றர். ஆகவே இடையில் மெல்லிய வளையமொன்றை வைத்து நிக்கோன் வில்லையைக் கெனன் கமராவிற் பூட்டலாம். மறுதலையாகச் செய்தாலோ வில்லை வேண்டியதற்கு மேல் முன்தள்ளி நிற்கும்; அருகிலுள்ள பூ தெளியும், தூரத்து ஹந்தானை மலை தெளியாது.

ஒரே நிறுவனத்தினுள்ளும் வேற்றுமைகள் உண்டு. கெனன் நிறுவனம் 1987ஆம் ஆண்டிற் பழைய பொருத்துவாயைக் கைவிட்டு, ஈ.எஃப். என்னும் புதிய வாயை அமைத்தது. அதற்கு முற்பட்ட எஃப்.டி. வில்லைகள் இன்றைய கெனன் டீ.எஸ்.எல்.ஆர். கமராக்களில் நேராகப் பூட்டா. நிக்கோன் நிறுவனமோ 1959ஆம் ஆண்டின் வாயையே தன் டீ.எஸ்.எல்.ஆர். கமராக்களிலும் பேணிற்று. ஆயினும் வாய் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. ஏ.எஃப்., ஏ.எஃப்.-டி. எனக் குறியிடப்பட்ட வில்லைகளுள் மோட்டார் இல்லை. கமராவிலுள்ள மோட்டாரே அவற்றைச் சுழற்றிக் குவியச் செய்யும். டி90, டி7000 முதலியவற்றில் அம்மோட்டார் உண்டு. டி40இலும், டி3000, டி5000 வரிசைகளிலும் அஃதில்லை. அவற்றுக்கு மோட்டாரைத் தம்முள்ளே கொண்ட ஏ.எஃப்.-எஸ். வில்லைகளே ஏற்றவை. ஏ.எஃப்.-பி. என்னும் பிற்கால வில்லைகளோ டி90 போன்ற பழைய உடல்களிற் குவியா.

உணரியின் பரப்பும் நோக்கற்பாலது. முழுச் சட்டக உணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுமுடையது. மாணவர் வாங்கக்கூடிய கமராக்களிற் பெரும்பாலானவை அதனிற் சிறிய உணரியையுடையன. அத்தகைய நிக்கோன் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லை 75 மில்லிமீற்றர் வில்லைபோலவும், கெனன் கமராவில் 80 மில்லிமீற்றர் வில்லைபோலவும் குறுகிய காட்சியையே தரும். வகுப்பறையிற் குழுப்படம் எடுக்க அது போதாது. 18-55 வில்லை உதவும். சிறிய உணரிக்கென ஆக்கப்பட்ட கெனன் ஈ.எஃப்.-எஸ். வில்லைகள் முழுச் சட்டகக் கமராவிற் பூட்டா. நிக்கோன் டீ.எக்ஸ். வில்லைகள் பூட்டும், ஆனால் உணரியின் நடுப்பகுதிக்கே பயன்படும்.

ஆகவே, கமராவைத் தேர்ந்து பின்னர் வில்லையைத் தேடுவது தலைகீழான முறை. எதனைப் படமெடுக்க விரும்புகிறோம் என்பதே முதல் வினா. பேராதனைப் பூங்காவின் பகலொளிக்குச் சாதாரண வில்லை போதும். பெரஹராவுக்கும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலின் மாலைப் பூசைக்கும் எஃப் 1.8 வில்லை வேண்டும்; எஃப் 5.6 துவாரத்தைவிட அஃது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உட்கொள்ளும். வில்லையைத் தீர்மானித்த பின்னரே அதனை முழுமையாக இயக்கும் உடலை நாடுக. உறவினர் தரும் வில்லை கையிலிருப்பின், அதன் விளிம்பிலுள்ள எழுத்துக்களை முதலில் வாசிக்க. பழைய வில்லையாயின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க. நம் மலைநாட்டு ஈரத்தில் உள்ளே சிலந்தி வலைபோற் பூஞ்சணம் படர்தல் உண்டு. கடைக்குத் தன் வில்லையையுங் கொண்டுசென்று, பூட்டி, குவித்து, ஒரு படமேனும் எடுத்துப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க.

2018ஆம் ஆண்டில் இவ்விரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கமராக்களுக்கெனப் புதிய வாய்களை அமைத்தன. அதன் பின்னர் அவற்றின் நாட்டம் அப்பக்கமே சென்றது. டீ.எஸ்.எல்.ஆர். பயன்படுத்தினோர் பலர் அவற்றை விற்றுவிட்டு மாறியமையால், முன்பு எட்டாதிருந்த நல்ல கருவிகள் இன்று மாணவர் கைக்கு எட்டுகின்றன. பிற்காலத்திற் புதிய கமராவுக்கு மாறினும் ஈ.எஃப்., ஏ.எஃப்.-எஸ். வில்லைகளை அந்நிறுவனங்களின் இணைப்பு வளையம் ஏற்கும். உடல் மாறும், நல்ல வில்லை நெடுநாள் உடனிருக்கும்.

அம்மாணவர் என்ன செய்தார் எனக் கேட்பீர்கள். வேறு வில்லை வாங்கப் பணமில்லை. வில்லையின் வளையத்தைக் கையாற் சுழற்றக் கற்பித்தேன். மறுநாள் இரவு, யானைகள் வருமுன்னரே வீதியோரத்து விளக்குக் கம்பமொன்றில் அவர் குவியத்தைச் சரிசெய்து காத்திருந்தார். யானை அக்கம்பத்தை அடைந்த கணத்தில் எடுத்த படம் தெளிவாக அமைந்தது. அதன் பிரதியொன்று அவர் தந்தையாரின் வீட்டுச் சுவரில் இன்றும் தொங்குகின்றது.