விசையைத் தட்டினால் செய்தி யாருக்குப் போகிறது?

கணிப்பொறியின் முன் அமர்ந்து, சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு வலைப்பக்க விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். பெயர், முகவரி, மதிப்பெண் என்று கட்டம் கட்டமாக டேப் விசை உங்களை அழைத்துச் செல்லும். ஆனால் சில பக்கங்களில் கடைசியில் உள்ள 'சமர்ப்பி' என்ற பெட்டி மட்டும் எத்தனை முறை தட்டினாலும் அகப்படாது. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊரான எப்போதும்வென்றானில், கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடித்து நகர்த்த முடியாத ஒரு மாணவி கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். எல்லாம் நிரப்பியும் அவளுடைய விண்ணப்பம் போய்ச் சேராது!

ஏன் இப்படி? சுட்டியைச் சொடுக்கும்போது திரையில் எந்த இடம் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. விசைக்கு இடம் கிடையாது. ஆகவே அந்த நேரத்தில் பக்கத்தின் எந்த உறுப்பு 'குவியம்' பெற்றிருக்கிறதோ, அதனிடமே உலாவி செய்தியைக் கொடுக்கிறது. எழுதும் கட்டம், இணைப்பு, பொத்தான் ஆகியவை குவியத்தை இயல்பாகவே ஏற்கும். 'டிவ்' என்ற வெறும் பெட்டி ஏற்காது. வீட்டு முகவரி இல்லாமல் எப்போதும்வென்றான் என்று மட்டும் எழுதிய கடிதம் தபால் நிலையத்தோடு நின்றுவிடுவது போல, குவியம் பெற்றவர் யாரும் இல்லாத விசைச் செய்தி பக்கத்தின் பொது உடலுக்குப் போய்விடும்.

பெட்டிக்கு முகவரி தருவது 'டேப்இண்டெக்ஸ்' என்னும் பண்பு. அதன் மதிப்பு 0 என்றால், பெட்டி டேப் வரிசையில் தன் இடத்தில் நிற்கும். -1 என்றால் நிரல் குவியத்தை அங்கே கொண்டு போகலாம்; டேப் போகாது. 1, 2 என்று எண் கொடுத்து வரிசையை மாற்றவும் வழியுண்டு. ஆனால் படிக்கும் வரிசை ஒன்று, டேப் போகும் வரிசை வேறொன்று என்று ஆகிவிடும். வேண்டாத வேலை.

முகவரி கிடைத்துவிட்டதால் வேலை முடிந்ததா? இல்லை. உண்மையான பொத்தானில் என்டர் விசையும் இடைவெளி விசையும் தாமாகவே வேலை செய்யும். டிவ் பெட்டியிலோ 'கீடவுன்' என்னும் நிகழ்வைக் கேட்டு, இரண்டுக்கும் நாமே நிரல் எழுத வேண்டும். இடைவெளி விசை பக்கத்தையே கீழே உருட்டிவிடும். அதையும் தடுக்க வேண்டும். அதோடு, தாமும் பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. போன்ற திரைபடிப்பான்களுக்கு 'இது பொத்தான்' என்று தனியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பொத்தான் என்றே அறிவிக்காது. இத்தனை பாட்டுக்கும் பதிலாக முதலிலேயே 'பட்டன்' குறியை எழுதிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விளையாட்டுப் பலகை, படம் வரையும் தளம் போன்று ஆயத்த உறுப்பு இல்லாத இடங்களுக்கே டிவ் தேவை.

விசைச் செய்தி பெற்ற இடத்தோடு நிற்பதில்லை. உள்ளே உள்ள உறுப்பிலிருந்து, அதை அடக்கிய பெட்டி, பிறகு முழுப் பக்கம் என்று மேலேறும். அதனால் குறுக்குவழி விசைகளை மேலே ஒரே இடத்தில் கேட்கலாம். ஆனால் செய்தி எங்கே தொடங்கியது என்று பார்க்காவிட்டால், ஒருவர் கட்டத்தில் தம் பெயரை எழுதும்போதே குறுக்குவழிகள் பாய்ந்துவிடும்.

நம்மவர்க்கு இதில் இன்னொரு சிக்கல். 'உதவிக்கு எச் விசையைத் தட்டுக' என்று ஒரு பக்கம் சொல்கிறது. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் எச் இருக்கும் இடம் 'க' என்ற எழுத்துக்கு உரியது. விசைப்பலகை தமிழில் இருந்தால் நிரலுக்கு எச் வராமல் 'க' வந்து சேரக்கூடும், உதவி திறக்காது. நிகழ்வு எழுத்தோடு விசை இருக்கும் இடத்தின் பெயரையும் தருகிறது. அந்த இடப்பெயரைப் பார்க்கும் நிரலுக்கு, வந்த எழுத்து எதுவானாலும் அது எச் விசைதான்.