மாதோட்டத்துக் கண்ணாடியும் கிராம்பும்

மன்னார்த் தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வந்தால், திருக்கேதீச்சரக் கோயிலை அடுத்து ஒரு பழைய மண்மேடு காணப்படும். மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் பெயர்பெற்ற துறைமுகம் புதையுண்ட மேடு அது.

நேயர்களே, கண்ணாடிக் கிண்ணம் இன்று எந்தச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கும். பண்டு அவ்வாறன்று. கி.மு. முதல் நூற்றாண்டளவில், சிரியா, பாலஸ்தீனக் கரையோரத்தில், உருகிய கண்ணாடியைக் குழாய் முனையில் எடுத்து வாயால் ஊதிக் கலமாக்கும் முறை தோன்றிய பின்னரே மெல்லிய கண்ணாடிக் கலங்கள் பெருகின. பொற்கலமும் வெள்ளிக்கலமும் உடையவனது செல்வத்தைக் காட்டின. உள்ளிருந்த உணவையோ மறைத்தன. கண்ணாடி அவ்வுணவையே காட்சிப் பொருளாக்கிற்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரத்து மாளிகையொன்றின் சுவரோவியத்திலே, பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழங்கள் இருக்கின்றன. கிண்ணத்தின் பக்கத்தினூடே ஒவ்வொரு கனியும் தெளிவாகத் தோன்றுகிறது. ஓவியன் காட்ட விரும்பியது கனியையா, கண்ணாடியையா என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் பயண நூல், முசிறித் துறையில் இறங்கிய பண்டங்களுள் கலமாக்கப்படாத கண்ணாடியையும் குறிக்கிறது. மாந்தை மேட்டிலோ கண்ணாடி மணிகள் ஏராளமாக அகப்பட்டன. நம்மவர் கண்ணாடியைக் கழுத்தில் அணியவே பெரிதும் விரும்பினர் போலும். உண்பதற்கு வாழையிலை இருக்கையில் வேறு கலம் எதற்கு!

ஆயினும் மாந்தையில் வாழ்ந்தோர் யாவரும் நம்மவரல்லர். 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வில், சீனத்துப் பீங்கானும் மேற்காசியாவின் மெருகிட்ட மட்கலமும் ஒருங்கே வெளிப்பட்டன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழ்வு மீண்டும் நடந்தபோது, ஆய்வாளர் மண்ணை நீரிலிட்டு அலசி, கரிந்த வித்துக்களைப் பிரித்தெடுத்தனர். உணவுப் பொருள் மண்ணில் மக்கிவிடும். தீயிற் பட்டுக் கரியானது மட்டுமே நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். அவ்வாறு நின்றவற்றுள் கோதுமையும், மிளகும், கி.பி. 650க்கும் 800க்கும் இடைப்பட்ட திராட்சை வித்தும் இருந்தன. கிராம்பு ஒன்றும் அகப்பட்டது. அதன் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது.

அந்நாளில் கிராம்பு விளைந்தது மலுக்குத் தீவுகளில் மட்டுமே. மன்னார்க் கரைக்கு அது ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் கடல்வழி வந்திருக்கிறது. திராட்சையும் மன்னாரின் வறண்ட மண்ணில் விளைந்ததன்று. மேற்றிசை மரக்கலங்களில் வந்திருக்க வேண்டும். இவற்றை யார் உண்டார், எக்கலத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டினார் என்பதை மண் சொல்லவில்லை. கலங்கள் உடைந்து சில்லாயின; அவற்றில் ஏறிய உணவு ஒரு சிட்டிகைக் கரியாக எஞ்சியது.