உமித்தணல் கதைகள்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் ரேணிகுண்டா ஒரு சந்திப்பு நிலையம். அங்கு இறங்குவோருள் பெரும்பாலோர் திருமலையை நோக்கிச் செல்பவர். திருப்பதிக்கு அப்பாலும் அவ்வழியே சென்று, பாகாலாவில் பிரியும் கிளைப் பாதையில் ஏறினால் மதனப்பள்ளிச் சாலை நிலையத்தை அடையலாம். மதனப்பள்ளி, 1895ஆம் ஆண்டில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அவ்வூரின் அருகே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றில், அவர் கருத்தைத் தழுவி அமைந்த ரிஷி வேலி என்னும் உறைவிடப் பள்ளி இருக்கின்றது. பற்பல மாநிலங்களிலிருந்து மாணவர் அங்கு வந்து தங்கிப் பயில்கின்றனர். மாலையில் கதிரவன் மறைவதை நோக்கி அனைவரும் பேசாது அமர்ந்திருக்கும் வழக்கம் அங்குண்டு.

இத்தகைய இடங்களைக் களமாகக் கொண்ட ஒரு வகை நாவல் இன்று ஆங்கிலத்தில் மிகுதியாக வெளிவருகின்றது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் அதனை விரும்பிப் படிக்கின்றனர். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளிலும் அந்நூல்கள் பிள்ளைகளின் தலையணைக்கடியில் கிடக்கக் காணலாம். ‘பள்ளிக்கூடத்தில் கொலையா? இதையா படிக்கிறாய்?’ என்று பெற்றோர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆகவே அவ்வகை நூல்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் பெயர். இவை விரைந்து பற்றி எரியும் கதைகளல்ல. நூறு பக்கம் புரட்டினாலும் பெரிதாக ஒன்றும் நிகழ்ந்திராது. எனினும் ஏதோ ஒன்று உள்ளே கனன்றுகொண்டிருப்பதைப் படிப்பவர் உணர்ந்தவண்ணம் இருப்பார். ஆங்கிலத்தார் இதற்கு வழங்கும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் பயனில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, பொற்கொல்லர் பட்டறையில் கண்ட உமித்தீதான் நினைவுக்கு வருகின்றது. மேலே சாம்பல் பூத்திருக்கும்; சுவாலை தோன்றாது; கையை அருகே கொண்டுசென்றாலன்றிச் சூடு தெரியாது. உமித்தணல் கதைகள் என்றே இவற்றை அழைப்போம்.

இக்கதைக்கு உறைவிடப் பள்ளி பொருந்துவதற்குக் காரணங்கள் பல. அங்கே வாயில் ஒன்று; மதில் நான்கு புறமும். எழுவது, குளிப்பது, உண்பது, படிப்பது, விளக்கணைப்பது யாவும் மணியோசைக்குக் கட்டுப்பட்டவை. எந்த வேளையில் எவர் எங்கிருக்கவேண்டும் என்பது அனைவரும் அறிந்ததாதலின், ஒருவர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் அதுவே துப்பாகிவிடுகின்றது. பெயர் கூப்பிடும்பொழுது எழாத ஒரு குரல், பூட்டுத் திறந்து கிடக்கும் ஒரு தகரப் பெட்டி, நோயர் அறையில் மடிப்புக் கலையாத ஒரு படுக்கை: இவை போதும். பருவ விடுமுறை வருவதற்குள் உண்மை வெளிப்பட வேண்டும். அதன்பின் எல்லாரும் பிரிந்துவிடுவர். ஆகவே காலத்திற்கும் ஒரு வேலி இருக்கின்றது.

இவ்வகையில் மிகச் சிறந்ததெனத் தயங்காது நாம் கூறக்கூடிய நூல், இளையோருக்கென்றே எழுதப்பட்டதன்று. ஜோசஃபின் டே என்ற புனைபெயரில் எழுதிய ஸ்காட்லாந்துப் பெண்மணி 1946இல் வெளியிட்ட ‘மிஸ் பிம் டிஸ்போஸஸ்’ என்னும் நாவல் அது. ஆசிரியை தாமே உடற்பயிற்சிக் கல்லூரியொன்றில் தங்கிப் பயின்றவர். கதையும் அத்தகைய பெண்கள் கல்லூரியிலேயே நிகழ்கின்றது. ஒரு சொற்பொழிவாற்ற வந்த மிஸ் பிம், ஓரிரவு தங்கிச் செல்ல எண்ணியவர், மாணவியரின் உற்சாகத்தில் மயங்கி நாள்களை நீட்டிக்கொண்டே போகின்றார். அதிகாலையில் ஒலிக்கும் மணி, தேர்வு அச்சம், தேநீர், கேலிப் பேச்சு என்று ஏடுகள் நகர்கின்றன. நல்லதொரு வேலை தகுதியுடைய மாணவிக்குக் கிடைக்காமல், முதல்வருக்கு விருப்பமான மற்றொருத்திக்குப் போகின்றது. அநீதிதான், ஆயினும் பள்ளிகளில் அன்றாடம் நிகழும் அநீதி. நூலின் பெரும்பகுதி கடந்த பின்னரே உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு விபத்து நேருகின்றது. அது விபத்துதானா? மிஸ் பிம்மின் கையில் ஒரு சிறு பொருள் கிடைக்கின்றது. அதனை உரியவரிடம் கொடுப்பதா, மறைப்பதா? முடிவை இங்குக் கூறி நேயர்களின் சுவையைக் கெடுக்கமாட்டோம். முதலில் வீண் பேச்சாகத் தோன்றிய தேநீர்ப் பேச்சுகளெல்லாம் முடிவையறிந்தபின் திரும்பப் படிக்கும்பொழுது வேறு பொருள் தருகின்றன என்று மட்டும் கூறுவோம்.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. நயனா கரீம்பாய் 2011இல் எழுதிய ‘மிஸ் டிம்மின்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்’ என்ற ஆங்கில நாவல், மகாராஷ்டிரத்தின் பஞ்சகனி மலையில், 1974ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நடக்கின்றது. ஆசிரியை ஒருவர் மலைமுடியின் அடியில் இறந்து கிடக்கின்றார். ஓயாத மழையும் மூடுபனியும் பள்ளியை ஊரிலிருந்து பிரித்துவிடுகின்றன. அது வயது வந்தோர்க்குரிய நூல். மும்பையிலும் புணேயிலும் வாழும் தமிழன்பர்கள், தாம் அறிந்த மலையூரை அதில் கண்டு மகிழலாம்.

தமிழில் துப்பறியும் நாவல் புதிதன்று. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாசகரை உறங்கவிடாமல் செய்தவர்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலை அறியாதாரும் இலர். ஆனால் இக்கதைகள் ஓட்டமெடுப்பவை. உண்மையைக் கண்டறிபவர் பெரியவர், அதிலும் கெட்டிக்காரர். விடுதிச் சிறுவனொருவன் மூன்று மாதம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தானே ஐயுற்றுத் தானே தெளியும் கதை வேறு சுவையுடையது.

அந்தச் சிறுவனுக்கு நேரும் இடர்ப்பாடுதான் இந்நூல்களின் உயிர்நிலை. விடுதியில் வாழ்ந்தோர் அனைவரும் அறிந்த, எங்கும் எழுதப்படாத சட்டம் ஒன்றுண்டு: தோழனைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது. காப்பாளரிடம் சென்று ஒன்றைச் சொன்னவனோடு அன்றிரவே பேச்சு நின்றுபோகும். இச்சட்டம் எளியோரை வலியோரிடமிருந்து காப்பதும் உண்டு; வலியோர் செய்யும் கொடுமைக்குத் திரையாவதும் உண்டு. பெரியவர்களே பள்ளியின் நற்பெயரை நினைந்து வாய் மூடச் சொல்வதும் நிகழ்கின்றது. தமிழில் கோள் என்றொரு சொல்லும், சான்று என்றொரு சொல்லும் இருக்கின்றன. கண்டதைச் சொல்லுதல் எவ்விடத்தில் கோளாகின்றது, எவ்விடத்தில் சான்றாகின்றது? பதினான்கு வயதில் அதனைத் தெரிந்துகொள்வது எளிதன்று. கதை மெதுவாக நடப்பதனால்தான் அவ்வேறுபாட்டை எடைபோடக் கதாபாத்திரத்துக்கும் வாசகனுக்கும் நேரம் வாய்க்கின்றது. இந்நூல்களைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கவேண்டாம் என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

எந்த வயதிற்கு எது என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளுதல் நன்று. ராபின் ஸ்டீவன்ஸ் 2014இல் எழுதிய ‘மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்’ பத்துப் பன்னிரண்டு வயதினர்க்கு ஏற்றது. 1934ஆம் ஆண்டில், டீப்டீன் என்னும் ஆங்கிலேயப் பள்ளியில் நிகழும் அக்கதையைச் சொல்பவள் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹேசல் வாங் என்ற சிறுமி. உச்சரிப்பு வேறு, உணவு வேறு; ஆதலால் அவள் மற்றவரை உற்று நோக்கப் பழகியிருக்கின்றாள். வேற்று மாநிலத்தில் பயிலும் தமிழ்க் குழந்தைக்கு அவள் நிலை விளங்காமற் போகாது. ஜான் கிரீன் 2005இல் எழுதிய ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’ முற்றிலும் வேறு வகை. ஒரு நிகழ்ச்சிக்கு முன் இத்தனை நாள், பின் இத்தனை நாள் என்று எண்ணிச் செல்லும் அந்நூல் துயரம் மிக்கது. குடி, புகை முதலியனவும் அதில் வருகின்றன. பதினாறு வயதிற்குப் பின் படிக்கலாம். மாரீன் ஜான்சன் 2018இல் தொடங்கிய ‘ட்ரூலி டீவியஸ்’, 1936இல் நடந்த ஆட்கடத்தலின் புதிரை அவிழ்க்க மூன்று நூல்களை எடுத்துக்கொள்கின்றது. முதல் நூல் விடையின்றி நிற்கின்றது. பொறுமைக்கு மும்மடங்கு விலை என்றே நமக்குத் தோன்றியது. ஆயினும் நம் வீட்டு இளையோர் அதற்கு உடன்படுவதில்லை.

விடையே தராத நூலும் உண்டு. ஜோன் லின்ட்சே 1967இல் எழுதிய ‘பிக்னிக் அட் ஹாங்கிங் ராக்’ என்னும் ஆஸ்திரேலிய நாவலில், 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் வனவிருந்துக்குச் சென்ற பள்ளி மாணவியரில் மூவரும் ஆசிரியை ஒருவரும் பாறைகளிடையே மறைகின்றனர். ஒருத்தி மட்டும் பின்னர்க் கிடைக்கின்றாள்; அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. இது கற்பனையே எனினும், நடந்த கதையென நம்பியோர் பலர். நூலாசிரியை எழுதி, வெளியீட்டின்போது நீக்கப்பட்ட கடைசி இயல், அவர் மறைவுக்குப்பின் 1987இல் தனியே அச்சாயிற்று. அதனைத் தேடிச் செல்லாதிருப்பதே மேல் என்பது நம் கருத்து. மறைந்தவரைவிட, எஞ்சியிருந்த பள்ளி நாளுக்கு நாள் சிதைவதை நூல் காட்டும் முறையே நெஞ்சில் நிற்பது.

இன்னொன்று. இக்கதைகளுள் பலவற்றில் வீட்டுக்கு எழுதும் கடிதம் துப்பாக வருகின்றது: என்ன எழுதியிருக்கின்றது என்பதனால் அன்று, எது விடுபட்டது என்பதனால். வெளி மாநில விடுதியிலிருந்து தமிழில் எழுதப்படும் கடிதத்தைக் காப்பாளர் படித்தறிய இயலாமற் போகலாம். அக்குழந்தைக்கு அது ஒரு மறைமொழி போன்றது. ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கி நான்கே வரியில் முடியும் கடிதம் வந்தால், அதனைப் பெற்றோர் இருமுறை படிக்கலாம்.