நான்கு பக்கம் போதாது

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் ஒரு முதிய ரப்பர் பால்மரம் நிற்கிறது. 1877-இல் கடல் கடந்து சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் ஒன்பது இந்த ஊரில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சியது இது என்பார்கள். அந்தக் கன்றுகளின் வழி வந்த மரங்கள் பேராக் தோட்டங்களை நிறைத்தன. நம் பாட்டன்மார் விடியுமுன்னே அவற்றின் பட்டையைச் சீவினார்கள். 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்ப்பார்கள். அன்று அது பெரும்பாலும் விறகுதான். ரப்பர் பாளங்களை உலர்த்தும் புகைக்கூடத்தில் எரிந்து போகும். அதன் மாவுச்சத்தைத் தேடி வண்டும் பூசணமும் விரைந்து வந்துவிடும் என்பதால் தச்சர்களும் அதைத் தொடவில்லை. வெட்டிய கையோடு போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வேரூன்றிய பிறகே, அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது.

அந்த மரத்தில் அலமாரிக்கு ஒரு சட்டம் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு கட்டைகளையும் அச்சாக அறுத்திருக்கிறோம். ஆனாலும் கிளாம்பை முறுக்கியதும் சட்டம் சாய்கிறது. கை பிசகிவிட்டதோ என்று நாம் நம்மையே நொந்துகொள்கிறோம். காரணம் கையில் இல்லை. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான்; நான்கு பக்கங்களுக்கு அப்படியில்லை. பசை ஈரமாக இருக்கும்வரை நான்கு மூலையும் நான்கு கீல்கள். பசையே வழுக்கும், கிளாம்ப் இம்மி சாய்ந்திருந்தாலும் சட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

ஆகவே, பசை இறுகும்வரை சட்டத்துக்கு ஒரு முக்கோணத்தை இரவல் கொடுக்க வேண்டும். பட்டறையில் நாமே செய்துகொள்ளும் ஜிக் அதுதான். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 150, 200, 250 மில்லிமீட்டர் பக்கங்களோடு ஒரு முக்கோணம் அறுத்தால், 150-உம் 200-உம் சேரும் மூலை செங்கோணம். தனிப்பலகை வேண்டாம்: ஈப்போ மழையில் அது இழைக்குக் குறுக்கே உப்பும், நீளவாக்கில் அசையாது, கோணம் கெடும். பிளைவுட்டில் ஒரு தாளின் இழையை அடுத்த தாள் குறுக்கே பிடித்துக்கொள்கிறது. செங்கோண முனையைச் சற்று வெட்டிவிடுங்கள். பிதுங்கும் பசைக்கு இடம் வேண்டும். விளிம்பில் மெழுகு தேய்த்தால் ஜிக்கே ஒட்டிக்கொள்ளாது.

அது சரியான செங்கோணமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதை அறிய விலையுயர்ந்த மூலைமட்டம் தேவையில்லை. நேரான விளிம்புள்ள பலகைமேல் ஜிக்கை அணைத்து ஒரு கோடு. அதே புள்ளியில் ஜிக்கைப் புரட்டி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் செங்கோணம். பிரிந்தால், அந்த இடைவெளி பிழையின் இரு மடங்கு. கண்ணுக்கு எட்டாத பிசகும் பென்சில் கோட்டில் பிடிபடும்.

மூலைகளில் ஜிக்கைப் பூட்டிய பின்னும் மூலைவிட்டங்களை அளந்துவிடுவது நல்லது. 800-க்கு 600 சட்டம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், அவற்றின் வித்தியாசம் 1.6 மில்லிமீட்டராகத் தெரியும். நீளமான மூலைவிட்டத்தின் நெடுக ஒரு கிளாம்பைப் பிடித்து, பசை காயுமுன் மெல்ல முறுக்கினால், இரண்டு அளவும் ஒன்றையொன்று நெருங்கி வரும்.