நகரப் பொது இடங்களில் வானலைக் கதிர்வீச்சு

கைப்பேசிக் கோபுரங்கள், வை-ஃபை கருவிகள், வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள், மக்களின் கைப்பேசிகள் ஆகியவை வெளியிடும் மின்காந்த அலைகள் வானலைக் கதிர்வீச்சு எனப்படும். தொடர்வண்டி நிலையம், பேருந்து நிலையம், கடைத்தெரு போன்ற நெரிசல் மிகுந்த இடங்களில் இவை பல திசைகளிலிருந்தும் மக்கள்மீது படுகின்றன. எக்ஸ் கதிர்களைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. உடல் திசுவைச் சூடாக்குவதே இவற்றின் உறுதி செய்யப்பட்ட விளைவாகும்.

கோபுரமும் கைப்பேசியும்

கோபுரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கதிர்வீச்சு விரைவாகக் குறைகிறது. தொலைவு 2 மடங்கானால் செறிவு 4-இல் ஒரு பங்காகவும், 10 மடங்கானால் 100-இல் ஒரு பங்காகவும் குறையும். ஆண்டெனாவின் முதன்மைக் கற்றை, கலங்கரை விளக்கத்தின் ஒளியைப் போல ஏறக்குறையக் கிடைமட்டமாகச் செல்கிறது. ஆகவே கோபுரத்தின் நேர் அடியில் செறிவு பொதுவாகக் குறைவு. ஆண்டெனாவுக்கு எதிரே, அதே உயரத்தில் உள்ள அருகிலுள்ள மாடிகளிலேயே அளவீடு முதலில் தேவைப்படுகிறது.

4ஜி கைப்பேசியின் உச்சத் திறன் சுமார் 0.2 வாட் மட்டுமே. ஆயினும் அது காதை ஒட்டி இருப்பதால், பேசும்போது தலை பெறும் கதிர்வீச்சில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. சிக்னல் குறைந்தால் கைப்பேசி தன் திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். மின்தூக்கி, நிலவறை, தொடர்வண்டிப் பெட்டி ஆகியவற்றில் இது நிகழ்கிறது. அருகிலுள்ள கோபுரத்தை அகற்றினாலும் இதே விளைவு ஏற்படலாம்.

வரம்புகள்

900 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பன்னாட்டு ஆணையம் 1998-இல் பரிந்துரைத்த பொதுமக்கள் வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான வரம்பை இதில் பத்தில் ஒரு பங்காக, அதாவது 0.45 வாட்டாகக் குறைத்தது. கைப்பேசிக்கு, 1 கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1.6 வாட் என வரம்பு வகுக்கப்பட்டது.

உடல்நலம்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானலைகளை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. சான்றுகள் குறைவாக இருந்தாலும் ஐயத்தை முற்றிலும் ஒதுக்க முடியாது என்பதே இதன் பொருள். தீங்கு உறுதியாயிற்று என்பதன்று.

எளிய தற்காப்பு

• இயர்போன் அல்லது ஸ்பீக்கரில் பேசுதல்.
• சிக்னல் குறைந்த இடங்களில் நீண்ட உரையாடலைத் தவிர்த்தல்.
• பேசுவதற்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்புதல்.