விடுமுறையில் உழைத்தவருக்கு எவ்வளவு?

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் களுவாஞ்சிக்குடிக் கடைத்தெருவில் நிற்கவும் இடமிராது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரை மக்கள் புத்தாடை வாங்க வருவார்கள். புடவைக் கடைகளில் இரவு வெகுநேரம்வரை விளக்கு எரியும். துணியை விரித்துக் காட்டி, மடித்து, மீண்டும் விரிக்கும் பணியாளரின் வீட்டிலும் அன்று பலகாரம் சுடுவார்கள். அவர் மட்டும் அங்கே இரார்.

அந்நாளுக்கு அவருக்குச் சேரவேண்டிய சம்பளம் எவ்வளவு? முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் கைவிசேடத்தைப் பற்றி நாம் கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கென 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் ஆண்டில் எட்டு நாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளாகும். தைப்பொங்கல், தேசிய தினம், நபிகள் நாயகம் பிறந்த தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் பௌர்ணமிக்கு மறுநாள், நத்தார் என்பனவே அவை. நாட்காட்டியில் இவற்றை ‘வர்த்தக விடுமுறை’ என்று குறித்திருப்பார்கள்.

இந்நாட்களில் ஒருவரை வேலைக்கு அழைத்தால் முதலாளிக்கு இரண்டு வழிகள் உண்டு. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வேறொரு நாளில் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்கலாம். அன்றேல் அந்நாளுக்கு இரட்டிப்புச் சம்பளம் கொடுக்கவேண்டும்.

பௌர்ணமிப் போயா தினத்தின் கணக்கு வேறு. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் ஞாயிறை மீட்டுத் தந்தது. மாதந்தோறும் வரும் பௌர்ணமியையும் விடுமுறையாக வைத்துக்கொண்டது. அன்று வேலை செய்தவருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் உரியது.

இனி, மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளட்டும். ஒருவரின் ஒரு நாட் சம்பளம் 1,000 ரூபா என்று கொள்வோம். வெசாக் பௌர்ணமியன்று அவர் வேலை செய்தால், அந்நாளுக்கு 1,500 ரூபாவுக்குக் குறையக்கூடாது. மறுநாளும் வேலை செய்து, அதற்கு மாற்று விடுமுறையும் பெறாவிட்டால், அந்த நாளுக்கு 2,000 ரூபாவுக்குக் குறையக்கூடாது. அடுத்தடுத்த இரு நாட்களுக்கு இரு வேறு கணக்குகள்!

சாதாரண நாளில் மேலதிக நேரம் உழைத்தால் என்ன செய்வது? கடை ஊழியரின் மாதச் சம்பளத்தை 240ஆல் பிரிக்கவேண்டும். முப்பது நாட்களை எட்டு மணித்தியாலத்தாற் பெருக்கினால் வருவது அதுவே. 30,000 ரூபாவை அவ்வாறு பிரித்தால் மணிக்கு 125 ரூபா. மேலதிக நேரத்துக்கு அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 187 ரூபா 50 சதம்.

இங்கே நம்மவர் பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. தீபாவளியும் மகா சிவராத்திரியும் நாட்காட்டியில் விடுமுறையாகவே காட்டப்பட்டிருக்கும். ஆயினும் அவை பொது விடுமுறையும் வங்கி விடுமுறையுமே; வர்த்தக விடுமுறைகள் அல்ல. பெரிய வெள்ளியும் அவ்வாறே. ஆகவே, தீபாவளியன்று கடையில் நின்றவர் இச்சட்டத்தைக் காட்டி இரட்டிப்புச் சம்பளம் கேட்க முடியாது. முதலாளியுடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் வழி. புத்தாண்டுக்கு முதல் நாளோ அப்படியன்று. வியாபாரம் மிக மும்முரமாக நடக்கும் அந்நாள் எட்டு விடுமுறைகளுள் ஒன்று என்பதைப் பலர் அறியாமலே உழைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

எல்லாத் தொழிலுக்கும் இதே கணக்கன்று. பல தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தனித்தனி விதிகள் உண்டு. ஆதார வைத்தியசாலை போன்ற அரசாங்க நிலையங்களில் கடமையாற்றுவோருக்குத் தாபனக் கோவை இருக்கிறது. எனவே, தாம் எந்த விதிக்கு உட்பட்டவர் என்பதை ஒவ்வொருவரும் முதலில் அறிந்துகொள்ளவேண்டும். ஐயமிருந்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வீட்டிலுள்ள பிள்ளைகள் இதில் ஒரு சிறு உதவி செய்யலாம். தந்தையோ தமக்கையோ விடுமுறையில் வேலைக்குச் சென்றால், தேதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மாத முடிவில் சம்பளச் சிட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பண்டிகை நாளில் வீட்டில் வெறுமையாய்க் கிடந்த அந்த இருக்கைக்குச் சட்டம் ஒரு பெறுமதி குறித்திருக்கிறது. அது கணக்கில் வராமற் போகவிடலாமா?