கணக்குப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி: கெர்னல் தன் மெமரியை எண்ணுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். "8 ஜிபி ரேம்னு காசு கொடுத்து லேப்டாப் வாங்கினேன். லினக்ஸ் போட்டு டெர்மினல்ல ஃப்ரீ கமாண்ட் அடிச்சா மொத்தமே 7.5 ஜிபி-தான்னு காட்டுது. மீதி எங்கே போச்சு? கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

ஏமாத்தலை. அந்த அரை ஜிபி உங்க லேப்டாப்புக்குள்ளயேதான் இருக்கு. அது எங்கே போச்சுன்னு சொல்லணும்னா, பவர் பட்டனை அழுத்தினதுக்கும் லாகின் ஸ்கிரீன் வர்றதுக்கும் நடுவுல, நம்ம கண்ணுல படாத ஒரு கொஞ்ச நேரத்தைப் பார்க்கணும். கெர்னல் தன்கிட்ட எவ்வளவு மெமரி இருக்குன்னு கணக்கெடுக்கிற நேரம் அது. லினக்ஸ் கெர்னலையே உதாரணமா எடுத்துக்கறேன், ஏன்னா அதோட கோட் யார் வேணா படிக்கிற மாதிரி திறந்து கிடக்கு.

நாம புரோகிராம் எழுதும்போது மெமரி வேணும்னா கேட்கிறோம், கிடைக்குது. கொடுக்கிறது கடைசியில கெர்னல்தான். கெர்னலுக்கே மெமரி வேணும்னா? அதுக்குள்ள ஒரு அலொகேட்டர் இருக்கு, அது பார்த்துக்கும். சரி, அந்த அலொகேட்டர் எந்தப் பக்கம் காலி, எந்தப் பக்கத்துல ஆள் இருக்குன்னு குறிச்சு வைக்க ஒரு பேரேடு வேணுமே, அந்தப் பேரேட்டை எங்கே வைக்கிறது? மெமரியிலதான். அந்த மெமரியை யார் கொடுப்பாங்க? இன்னும் எழுந்தே நிக்காத அதே அலொகேட்டர்.

கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு சொல்வாங்களே, அச்சு அசலா அதே கதை. இந்த முடிச்சை கெர்னல் எப்படி அவிழ்க்குதுங்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல் கேள்வி: மெமரி எங்கெங்கே இருக்கு? ரேம்னா பூஜ்யத்துல ஆரம்பிச்சு 8 ஜிபி வரைக்கும் ஒரே நீளமா இருக்கும்னு நினைப்போம். அப்படி இல்லை. அட்ரஸ் வரிசையில நிறைய ஓட்டைகள் உண்டு. 640 கேபி-யிலிருந்து 1 எம்பி வரைக்கும் உள்ள இடம் பழைய ஐபிஎம் பிசி காலத்துலேயே வீடியோவுக்கும் ராமுக்கும்னு (இது ரீட் ஒன்லி மெமரி, ரேம் இல்லை) ஒதுக்கினது. இன்னைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. 4 ஜிபி எல்லைக்குக் கொஞ்சம் கீழே பிசிஐ சாதனங்களுக்கான அட்ரஸ்கள் உட்கார்ந்திருக்கும். அங்கே எழுதினா ரேம்ல எழுதாது, ஏதோ ஒரு கார்டோட ரெஜிஸ்டர்ல போய் எழுதும்.

இதையெல்லாம் கெர்னல் தானா தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால ஃபர்ம்வேரைக் கேட்கும். பழைய பயாஸ் உள்ள எக்ஸ்86 மெஷின்ல இந்தக் கேள்விக்கு இ820-னு பேரு. கேட்கும்போது பிராசஸர் ரெஜிஸ்டர்ல போட வேண்டிய எண் அது. வேற நல்ல பேரு யாரும் வைக்கலை, அதுவே நிலைச்சிடுச்சு. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பயாஸ் ஒரு துண்டைப் பத்திச் சொல்லும்: இங்கிருந்து இதுவரைக்கும், இது பயன்படுத்தலாம், இது ரிசர்வ்டு, இது ஏசிபிஐ டேபிள். யூஇஎஃப்ஐ மெஷின்ல வேற வழியில கேட்டு, வந்த பட்டியலை அதே இ820 வடிவத்துக்கு மாத்திக்கும். ஆர்ம் போர்டுகள்ல பெரும்பாலும் டிவைஸ் ட்ரீன்னு ஒரு விவரக் கோப்பை பூட்லோடர் கையில கொடுத்து அனுப்பும்.

வர்ற பட்டியல் ஒழுங்கா இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. வரிசை மாறியிருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். அதை வரிசைப்படுத்தி, மோதற இடத்தைச் சரிபண்ணவே கெர்னல்ல தனி கோட் உண்டு. அதுக்கு மேலயும் ஒரு அவநம்பிக்கை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. சில பயாஸ்கள், மெஷின் தூங்கி எழும்போதோ மானிட்டர் கேபிளைச் சொருகும்போதோ, "பயன்படுத்திக்கோ"னு தானே சொன்ன கீழ்மட்ட மெமரியில போய் எதையாவது கிறுக்கிட்டு வந்துடும். இதனால லினக்ஸ் பல வருஷமா முதல் 64 கேபி-யை யாருக்கும் கொடுக்காம ஒதுக்கி வெச்சது. 2021-ல வந்த 5.13 வெர்ஷன்லேருந்து முதல் 1 எம்பி முழுக்க ஒதுக்கியாச்சு. பயாஸ் என்ன சொன்னாலும் சரி.

இப்போ பட்டியல் கையில இருக்கு. பேரேடு இன்னும் இல்லை. இங்கேதான் மெம்பிளாக் வருது.

கல்யாண மண்டபத்துல முன்னாடி நாள் சாயங்காலத்தை நினைச்சுக்கோங்க. உக்கிராணத்துக்குப் பொறுப்பானவர் இன்னும் வரலை, ரூம் சாவி கொடுக்கிற ஆள் வரலை. ஆனா சொந்தக்காரங்க வர ஆரம்பிச்சாச்சு. ஒரு சித்தப்பா பாக்கெட்லேருந்து சின்ன நோட்டை எடுக்கிறார். ஒரு பக்கத்துல, மண்டபத்துல என்னென்ன ரூம் இருக்கு. எதிர்ப் பக்கத்துல, எதெல்லாம் கொடுத்தாச்சு. அவ்வளவுதான்.

மெம்பிளாக் அதேதான். ரெண்டு பட்டியல்: ஒண்ணு "மெமரி", இன்னொண்ணு "ரிசர்வ்டு". ஒவ்வொரு வரியிலும் ஆரம்ப அட்ரஸ், நீளம், கூட ஒண்ணு ரெண்டு குறிப்பு. அந்த நோட்டு எங்கேருந்து வந்ததுன்னா, கெர்னலை கம்பைல் பண்ணும்போதே பொதுவா 128 வரிகளுக்கு இடம் விட்டு அதுக்குள்ளேயே வெச்சுத் தெச்சிருக்காங்க. பூட்லோடர் கெர்னலை மெமரியில ஏத்தும்போது நோட்டும் கூடவே வந்துடுது. யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்லை. முடிச்சு அவிழறது இந்த இடத்துலதான்.

யாராவது மெமரி கேட்டா முதல் பட்டியல்ல இருந்து, ரெண்டாவது பட்டியல்ல இல்லாத ஒரு இடத்தைத் தேடும். கிடைச்சதும் அதை ரெண்டாவது பட்டியல்ல எழுதிடும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வந்தா ஒரே வரியா சேர்த்துடும். 128 வரி பத்தலைன்னா, ரெண்டு மடங்கு பெரிய நோட்டுக்கான இடத்தைத் தன்கிட்டயே கேட்டு வாங்கிக்கும்! வேகமானது இல்லை, ஆனா இந்தக் கட்டத்துல வேகம் தேவையே இல்லை.

இதுக்கு முன்னாடி லினக்ஸ்ல இருந்தது பூட்மெம். அதுல ஒவ்வொரு பக்கத்துக்கும், அதாவது ஒவ்வொரு 4 கேபி-க்கும், ஒரு பிட். 16 ஜிபி மெஷினுக்கு அந்த பிட்மேப் மட்டும் 512 கேபி. பெரிசு இல்லைதான், ஆனா அதை வைக்கிறதுக்கே முதல்ல ஒரு காலியிடம் கண்டுபிடிக்கணும். பழைய முடிச்சு திரும்ப வந்துடுது, கொஞ்சம் சின்னதா. பவர்பிசி பக்கம் எல்எம்பின்னு இருந்ததை 2010-ல மெம்பிளாக்னு பேர் மாத்திப் பொதுவாக்கினாங்க. பூட்மெம் 2018 டிசம்பர்ல வந்த 4.20 வெர்ஷன்ல ஒட்டுமொத்தமா வெளியே போச்சு.

மெம்பிளாக் கையிலெடுத்ததும் செய்யற முதல் வேலை கொடுக்கிறது இல்லை, பூட்டு போடறது. கெர்னலோட சொந்த கோட் உட்கார்ந்திருக்கிற இடம், பூட்லோடர் கொண்டு வந்து வெச்ச இனிட்ஆர்டி, ஃபர்ம்வேர் டேபிள்கள், எல்லாத்தையும் ரிசர்வ்டு பட்டியல்ல எழுதணும். ஒண்ணை எழுத மறந்தாலும், அந்த இடம் காலின்னு நினைச்சு வேற யாருக்கோ கொடுத்துடும். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது.

இது எனக்கே நடந்திருக்கு. வேலையில ஒரு எம்பெடட் போர்டு. மெயின் பிராசஸர்ல லினக்ஸ், அதே சிப்ல இருக்கிற குட்டி பிராசஸர்ல தனி ஃபர்ம்வேர். பூட் ஆகும், நல்லா ஓடும், 40 நிமிஷம் கழிச்சு ஏதோ ஒரு புரோகிராம் செத்துப்போகும். ஒரு நாள் நெட்வொர்க், ஒரு நாள் லாக் எழுதற புரோகிராம். மூணு நாள் என் கோடையே சந்தேகப்பட்டு வரி வரியா படிச்சேன். நாலாவது நாள் பார்த்தா, குட்டி பிராசஸர் பயன்படுத்தற 2 எம்பி இடம் டிவைஸ் ட்ரீயோட ரிசர்வ்டு மெமரி பகுதியில எழுதப்படவே இல்லை. லினக்ஸ் அதைக் காலின்னு எடுத்துக்கிச்சு. மெமரி நிறைய காலியா இருக்கிற வரைக்கும் பிரச்சினை தெரியலை. அந்த 2 எம்பி-யை யாருக்காவது கொடுத்த அன்னைக்கு, வாங்கினவன் செத்தான். நாலு வரி சேர்த்ததும் சரியாப்போச்சு. அந்த நாலு வரியை விட்டது யாருன்னு சொல்ல மாட்டேன். (சிரிப்பு)

இன்னொரு முடிச்சும் இதே நேரத்துல அவிழணும். 64 பிட் மோடுல பேஜ் டேபிள் இல்லாம பிராசஸரால எந்த அட்ரஸையும் தொட முடியாது. பேஜ் டேபிள் எழுத மெமரி வேணும். அந்த மெமரியைத் தொடவே பேஜ் டேபிள் வேணும். கொத்தனார் சாரம் கட்டறதைப் பார்த்திருப்பீங்க, ஒரு தட்டு மேல நின்னுதான் அடுத்த தட்டைக் கட்டுவார். எக்ஸ்86 கெர்னல் அப்படித்தான் பண்ணுது. முதல் தட்டுக்கான இடம் கெர்னலுக்குள்ளேயே ஒதுக்கியிருக்கும். அதை வெச்சு 2 எம்பி துண்டு ஒண்ணை மேப் பண்ணும். அங்கே கிடைச்ச இடத்துல அடுத்த பேஜ் டேபிள்கள், அதை வெச்சு இன்னும் பெரிய துண்டு. இப்படியே ரேம் முழுக்க.

இப்போதான் நிஜமான பேரேடு. ரேம்ல இருக்கிற ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் ஸ்ட்ரக்ட் பேஜ்னு ஒரு பதிவு, பொதுவா 64 பைட். 8 ஜிபி-ன்னா சுமார் 21 லட்சம் பக்கங்கள். பெருக்கினா 128 எம்பி. பேரேட்டுக்கு மட்டும்! இந்த 128 எம்பி-யைக் கொடுக்கிறதும் சித்தப்பாதான், மெம்பிளாக். அது கொடுக்கிற பெரிய தொகைகள்ல இது ஒண்ணு. டெராபைட் கணக்குல ரேம் உள்ள சர்வர்கள்ல இந்தப் பதிவுகளை நிரப்பறதுக்கே பூட்ல நிறைய நேரம் போயிடும். அதனால 2015-ல ஒரு ஏற்பாடு வந்தது: பூட்டுக்குத் தேவையானதை மட்டும் முதல்ல நிரப்பிட்டு, மீதியை அப்புறமா பல த்ரெட்கள் ஒரே நேரத்துல நிரப்பும்.

பேரேடு தயாரானதும் கைமாத்து நடக்கும். முதல் பட்டியல்ல இருந்து ரெண்டாவது பட்டியல்ல இல்லாத அத்தனை இடமும் பட்டி அலொகேட்டர் கைக்குப் போகும். இது மெமரியை 1, 2, 4, 8-னு இரட்டிப்பா போற பக்கக் கட்டுகளா வெச்சுக்கும், பெரிசு 1,024 பக்கம், அதாவது 4 எம்பி. சின்னது வேணும்னா பெரிசைப் பாதியா உடைக்கும். திரும்பி வந்தா ஜோடியைத் தேடிச் சேர்க்கும். இந்த முறையை 1963-ல உருவாக்கினவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். ஆமா, போர்ட்ஃபோலியோ தியரிக்காக 1990-ல பொருளாதார நோபல் வாங்கின அதே மார்க்கோவிட்ஸ். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்துல "எல்லா முட்டையையும் ஒரே கூடையில வைக்காதீங்க"னு சொல்றதுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர்தான் உங்க ரேமையும் பிரிச்சுக் கொடுக்கிறார்.

சித்தப்பாவோட நோட்டு என்ன ஆகும்? எக்ஸ்86-ல வழக்கமா கிழிச்சுப் போட்டுடுவாங்க. பூட்டுக்கு மட்டும் தேவைப்படற கோடையும் டேட்டாவையும் கெர்னல்ல தனியா ஒரு பகுதியில வெச்சிருப்பாங்க. வேலை முடிஞ்சதும் அந்தப் பகுதி முழுக்கக் காலி மெமரியா மாறிடும். ஆர்ம்64-ல அந்தப் பட்டியல் பின்னாடியும் தேவைப்படறதால வெச்சுக்குவாங்க.

சரி, நேயரோட அரை ஜிபி-க்கு வருவோம். டெர்மினல்ல சுடோ போட்டு டிமெசேஜ் கமாண்ட் ஓட்டுங்க. ஆரம்பத்துலேயே "பயாஸ் ப்ரொவைடட் பிசிக்கல் ரேம் மேப்"னு ஒரு தலைப்பும் அதுக்குக் கீழே வரிசையா துண்டுகளும் வரும். அதுதான் ஃபர்ம்வேர் கொடுத்த பட்டியல். கொஞ்சம் கீழே "மெமரி"னு ஆரம்பிக்கிற ஒரு வரி, அதுல சாய்வுக்கோடு போட்டு ரெண்டு எண் இருக்கும். கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற எண்ணைக் குறிச்சுக்கோங்க. நீங்க வாங்கின 8 ஜிபி-க்கும் அந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஃபர்ம்வேர் எடுத்துக்கிட்டது. ப்ராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற லேப்டாப்ல பெரும்பங்கு அதுக்குத்தான் போகும், சிலதுல பயாஸ் செட்டிங்ல குறைக்கவும் செய்யலாம். அந்த எண்ணுக்கும் ஃப்ரீ கமாண்ட் காட்டற மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் கெர்னல் எடுத்துக்கிட்டது. அதுல 128 எம்பி எங்கே போச்சுன்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

இன்னும் நோண்டணும்னு ஆசை இருந்தா, பூட் மெனுவுல கெர்னல் கமாண்ட் லைன் கடைசியில "மெம்பிளாக் ஈக்குவல் டு டீபக்"னு சேர்த்து பூட் பண்ணுங்க. சித்தப்பா நோட்டுல எழுதற வரிகள் டிமெசேஜ்ல கொட்டும். ஒரு தடவைக்கு மட்டும்தான் இருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்ல போயிடும்.

4 கேபி-யை விடச் சின்னதா, 64 பைட் மட்டும் வேணும்னு யாராவது கேட்டா பட்டி என்ன பண்ணும்னு கேட்பீங்க. அதுக்கு மேல ஸ்லாப்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவர் அடுத்த வாரம்.